தாழ்ப்பாள்

பேய் கண்ணில் படாத பேய்க்கதைதான் ராத்திரி பாத்ரூம் போகவிடாது. இங்கிலீஷ்காரர் ஜேக்கப்ஸ் 1902-ல் எழுதிய ‘குரங்குப் பாதம்’ அந்த ஜாதி.

நம்மூர் ஃபக்கீர் மந்திரித்த குரங்குக் கை. மூன்று வரம் தரும். கிழவர் கேட்டது 200 பவுண்டு, வீட்டுக் கடன் அடைக்க! (ஹவுசிங் லோன் போட்டவர்கள் நிமிர்ந்து உட்காரவும்.) மறுநாளே பணம் வந்தது. மகன் ஃபேக்டரி மெஷினில் சிக்கிச் செத்ததற்கு நஷ்டஈடு!

மகன் செத்துப் பத்து நாள் இருக்கும். ‘அவன் திரும்பி வரணும்னு கேளுங்க’ என்று அலறுகிறாள் அம்மா. ராத்திரி கதவு தட்டப்படுகிறது. அவள் நாற்காலி போட்டு மேல் தாழ்ப்பாளை இழுக்க, கிழவர் இருட்டில் தடவி மூன்றாவது வரத்தைக் கேட்டுவிடுகிறார். கதவைத் திறந்தால் வெறும் ரோடு. வெளியே நின்றது எப்படி இருந்தது? ஜேக்கப்ஸ் மூச்சு விடவில்லை.

புதுமைப்பித்தனின் ‘செல்லம்மாள்’ கதையில் பேயே கிடையாது. ஜவுளிக்கடைச் சிப்பந்தி ஒருவர், செத்த மனைவியோடு ராத்திரி தனியாக. ‘காஞ்சனை’யைவிட எனக்கு இதில்தான் வயிறு கலங்கியது.

மதுக்கரையில் கரண்ட் போன ஒரு ராத்திரி, தர்மலிங்கேஸ்வரர் மலை கறுப்பாய்த் தெரிய, திண்ணையில் பசங்களுக்குக் குரங்குக் கதை சொன்னேன். எல்லாம் கத்தின. பக்கத்து வீட்டு ஆத்தா மட்டும் கத்தவில்லை. மகனை லாரிக்குப் பறிகொடுத்தவர்.

“அந்தாளுக்கென்ன கண்ணு கிறுக்கா? மூஞ்சி எப்படி இருந்தா என்ன, புள்ளதானே? உள்ள கூப்புட வேண்டீதுதான?”

“எழுதுனவரு அப்படி எழுதிட்டாருங்க ஆத்தா.”

“நீ மாத்திச் சொல்றது!”

ஆத்தா எழுந்து போனார். அவர் வீட்டுக் கதவு ராத்திரியில் தாழ்ப்பாள் போட்டு நான் பார்த்ததில்லை. காற்றுக்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.