ஊசி போடுபவர்களே ஊசி போட்டுக்கொள்ளத் தயங்குவது ஏன்?

இங்கிலாந்தின் அரச வைத்தியசாலைகளில் இன்று ஒரு விசித்திரமான நிலை காணப்படுகிறது. நோயாளிக்குத் தடுப்பூசி ஏற்றும் கையே தனக்கு அது வேண்டாம் என்கிறது. நோயாளர்களுடன் நேரடியாகப் பணியாற்றும் சுகாதார ஊழியர்களில் நான்கில் மூன்று பங்கிற்கும் அதிகமானோர் 2020-21 குளிர்காலத்தில் இன்ஃப்ளுவன்சா தடுப்பூசியைப் பெற்றுக்கொண்டனர். 2023-24 இல் அது பாதியைக்கூட எட்டவில்லை. இத்தனைக்கும் ஊழியர்களுக்கு அந்த ஊசி இலவசம்.

இன்ஃப்ளுவன்சா வெறும் தடிமன் அல்ல. உலகளவில் ஆண்டுதோறும் 290,000 முதல் 650,000 பேர் வரை இதனால் ஏற்படும் சுவாச நோய்களால் இறப்பதாக உலக சுகாதார ஸ்தாபனம் மதிப்பிடுகிறது. தொற்றியவர் அறிகுறி தென்படுவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே அதைப் பிறருக்குக் கடத்தலாம். காய்ச்சல் இல்லாத தாதியும் புற்றுநோய் வாட்டில் இருப்பவருக்கு ஆபத்தாகலாம் என்பதே இதன் பொருள்.

அப்படியானால் கட்டாயமாக்கினால் என்ன? அமெரிக்காவின் சியாட்டில் நகரிலுள்ள வெர்ஜினியா மேசன் வைத்தியசாலை 2005 இல் அதைச் செய்தது. அதற்கு முன்னர் பாதிக்குச் சற்று அதிகமானோரே ஊசி பெற்றிருந்தனர். கட்டாயமாக்கிய முதல் ஆண்டிலேயே அது 97 வீதத்தைத் தாண்டியது. ஆனால் இங்கிலாந்தின் அனுபவம் வேறு. கொவிட் தடுப்பூசியைப் பராமரிப்பு இல்ல ஊழியர்களுக்குக் கட்டாயமாக்கிய அரசாங்கம், 2022 ஏப்ரல் முதல் வைத்தியசாலை ஊழியர்களுக்கும் அதை விரிவுபடுத்தவிருந்தது. ஆளணிப் பற்றாக்குறை ஏற்படும் என்ற அச்சத்திற்கு மத்தியில் மார்ச் மாதத்திலேயே இரண்டையும் கைவிட்டது. அந்த இழுபறி விட்டுச்சென்ற கசப்பு இன்னும் தீரவில்லை என்றே தோன்றுகிறது.

எனவே கட்டளையை விட உண்மையான பதிலே முதலில் தேவை. ஊசியால் காய்ச்சல் நோய் வருமா? வராது, ஊசியில் இருப்பது செயலிழந்த வைரஸ் அல்லது அதன் கூறுகள் மாத்திரமே. ஓரிரு நாள் கைவலியும் உடல் அலுப்பும் இருக்கலாம். முழுப் பாதுகாப்புத் தருமா? இல்லை, வைரஸுடன் நன்கு பொருந்தும் ஆண்டுகளிலும் நோய் அபாயத்தைச் சுமார் 40 முதல் 60 வீதம் வரையே குறைக்கிறது. இதை மறைத்துப் பேசினால், ஊசி போட்ட பின்னரும் காய்ச்சல் கண்டவர் அடுத்த ஆண்டு வரமாட்டார். பன்றி ஜெலட்டின் பற்றிய எமது சமூகத்தவரின் கேள்விக்கும் தெளிவான பதில் உண்டு: பிரித்தானியாவில் அது இருப்பது சிறுவர்களுக்கான மூக்குத் தெளிப்பில், வளர்ந்தோருக்கான ஊசிகளில் இல்லை.

இன்ஃப்ளுவன்சா ஊசி எமது தேசிய தடுப்பூசி அட்டவணையில் இல்லை. ஆயினும் சிறுவர் தடுப்பூசியில் இலங்கை பெற்ற வெற்றி உலகறிந்தது. அதைப் பெற்றுத்தந்தது தண்டனை அல்ல. வீட்டு வாசலுக்கு வந்து தாயின் சந்தேகத்தைப் பொறுமையாகக் கேட்ட குடும்ப சுகாதார உத்தியோகத்தர். நாளை எமது சுகாதார ஊழியர்களுக்கும் இந்த ஊசி வருமானால், சுற்றறிக்கைக்கு முன்னர் அந்தப் பொறுமை வாட்டுக்குள் வரவேண்டும். இரவுக் கடமையில் இருப்பவரைத் தேடி ஊசியும் வரவேண்டும், அவரது கேள்விக்குப் பதிலும் வரவேண்டும்.