பேனுக்கு வயல் மருந்தா?

பள்ளிக்கூடம் போற பிள்ளைங்க தலையில பேன் இருந்தா, "குளிக்காத பிள்ளை"ன்னு ஊரே பேசுது. அது தப்புங்க. பேனுக்கு அழுக்குத் தலை, சுத்தத் தலைன்னு கணக்கு கிடையாது. குடிக்க மனுச ரத்தமும் பிடிச்சுக்க முடியும் இருந்தா போதும். அது பறக்காது, தாவாது. தலையோட தலை ஒட்டினா முடியைப் பிடிச்சு ஏறிடும். கீழே விழுந்தா ரெண்டு நாளைக்கு மேல உயிர் தாங்காது.

இதுக்குப் போய் சில வீடுகள்ல வயலுக்கு அடிக்கிற பூச்சி மருந்தை எண்ணெயில கலந்து தேய்க்கிறாங்க. அதைத்தான் நான் கண்டிக்கிறேன். அந்த மருந்து தோல் வழியாவே உடம்புக்குள்ள இறங்கும். அதனாலதான் தெளிக்கும்போது கையுறை போடுன்னு டப்பாவுலயே எழுதியிருக்கான். பெரியவங்க கையிலயே படக்கூடாதுன்னா பச்சப்பிள்ளை தலையில தேய்க்கலாமா? பேன் கடிச்சா அரிக்கும், அவ்வளவுதான். மருந்து உயிரையே எடுத்துடும்.

முட்டையை விட்டுட்டா பூச்சி திரும்ப வரும்னு விவசாயிக்குத் தெரியாததா? முடி அடியில ஒட்டியிருக்கிற ஈர் ஏழெட்டு நாள்ல பொரிஞ்சிடும். அதனால ஒரு நாள் வாரினா பத்தாது. எண்ணெய் தடவி, பேன் சீப்பால அடியிலிருந்து நுனி வரைக்கும் வாரணும். மூணு நாளைக்கு ஒருக்கா, ரெண்டு மூணு வாரம் விடாம செய்யணும். வீட்டுல எல்லார் தலையையும் பார்க்கணும். அப்படியும் போகலைன்னா ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க.

வயல் மருந்து வயலோட இருக்கட்டும். டப்பாவைப் பூட்டி வைங்க.