எவருக்கும் மூதாதையர் ஆகாதவர்கள்

குடும்ப வரலாற்றுத் தேடலைப் பொழுதுபோக்கு என்று ஒதுக்கும் மனப்பான்மை கல்விப்புலத்தில் இன்னும் மறைந்துவிடவில்லை. பணி ஓய்வு பெற்றோர் தத்தம் முன்னோரின் பெயர்களைத் தேடித் தொகுக்கிறார்கள். அதில் ஆய்வு வினா ஏதும் இல்லை என்பது வழக்கமான குற்றச்சாட்டு. இங்கிலாந்தின் டெவன் மாவட்டத்தில் உள்ள கொலிட்டன் என்னும் சிறு சந்தை நகரைப் பற்றிய ஆய்வுகளைத் தொடர்ந்து படிப்பவர்கள் இந்தக் குற்றச்சாட்டை அவ்வளவு எளிதில் முன்வைக்க மாட்டார்கள்.

ஒவ்வொரு பங்கு ஆலயமும் திருமுழுக்கு, திருமணம், அடக்கம் ஆகியவற்றை ஏட்டில் பதிய வேண்டும் என்று 1538இல் தாமஸ் கிராம்வெல் ஆணையிட்டார். பல ஊர்களில் தொடக்ககால ஏடுகள் அழிந்துபோயின. கொலிட்டனில் அவை ஏறத்தாழ முழுமையாகத் தப்பின. அவற்றைக் கொண்டு இ. ஏ. ரிக்லி 1966இல் வெளியிட்ட கட்டுரை மக்கள்தொகை வரலாற்றின் போக்கையே மாற்றியது. 1646 வரையிலான காலத்தில் அவ்வூர்ப் பெண்கள் முதல் திருமணம் செய்த சராசரி வயது சுமார் 27. கொடிய கொள்ளைநோய் ஊரைத் தாக்கிய 1645–46க்குப் பிந்தைய தலைமுறைகளில் அது 30ஐ நெருங்கியது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் 25 அளவுக்கு இறங்கியது. தொழிற்புரட்சிக்கு முந்தைய மக்கள் இளமையிலேயே மணந்து, கட்டுப்பாடின்றிப் பிள்ளை பெற்றார்கள் என்ற எண்ணம் இதனால் ஆட்டம் கண்டது.

ரிக்லி கையாண்ட முறையின் அடிப்படை என்ன? ஒரு திருமணப் பதிவை எடுத்து, அத்தம்பதியரின் பிறப்பையும் பிள்ளைகளையும் இறப்பையும் அதனுடன் இணைப்பது. குடும்ப மரம் வரைபவர் தம் வீட்டுக்காகச் செய்வதும் இதுவே. அதை அவர் ஓர் ஊர் முழுவதற்கும் செய்தார். பின்னர் ரிக்லியும் ஸ்கோஃபீல்டும் 1981இல் வெளியிட்ட இங்கிலாந்தின் மக்கள்தொகை வரலாறு 404 பங்குகளின் பதிவேடுகளை ஆதாரமாகக் கொண்டது. அப்பதிவுகளை எண்ணித் தொகுத்துக் கொடுத்தவர்களில் பெரும்பாலோர் ஊதியம் பெறாத உள்ளூர் வரலாற்று ஆர்வலர்கள்.

ஆயினும் பதிவேட்டை மட்டும் நம்பும் ஆய்வுக்கு எல்லை உண்டு. ஊரைவிட்டுப் பெயர்ந்தவர்கள் கணக்கிலிருந்து நழுவுகிறார்கள். அரசுத் திருச்சபையை ஏற்காதவர்களின் குழந்தைகள் அதன் ஏட்டில் இடம்பெறாமல் போகலாம். 1685இல் மான்மத் கோமகனின் கிளர்ச்சிக்குப் பலரை அனுப்பிய கொலிட்டனில் இத்தகையோர் மிகுதி. எனவே பதிவேட்டின் மௌனத்தைப் பிறப்புக் கட்டுப்பாடு என்று கொள்ளலாமா என்ற ஐயம் பின்னர் எழுந்தது.

இன்னொரு விடுபடல் இதைவிட ஆழமானது. பமேலா ஷார்ப் 1991இல் எழுதிய கட்டுரை, அவ்வூரில் லேஸ் பின்னியும் நூல் நூற்றும் பிழைத்த மணமாகாத பெண்களை முன்னிறுத்தியது. ஊரில் ஆண்களைவிடப் பெண்களே மிகுதி; திருமணம் தள்ளிப்போனதற்கு இந்த உழைப்புச் சூழலும் காரணம் என்பது அவர் வாதம். இப்பெண்கள் ஏன் அதுவரை கவனம் பெறவில்லை? மக்கள்தொகை ஆய்வாளர் தம்பதியரைக் கணக்கிட்டார். வழித்தோன்றல்கள் தம் முன்னோரைத் தேடினர். மணமாகாமலும் பிள்ளையின்றியும் இறந்த பெண் எந்தத் தம்பதியிலும் இல்லை. எவருக்கும் மூதாதையும் இல்லை. அவளைத் தேடி வர ஒருவரும் இல்லை.

அவளைக் காண வேண்டுமானால் பங்குப் பெட்டகத்தின் பிற தாள்களைத் திறக்க வேண்டும். ஏழைகளுக்கான வரியைச் செலவிட்ட கண்காணிப்பாளர்களின் கணக்கில் வாராந்தர உதவித்தொகையும், காலணியும், விறகும், அடக்கச் செலவும் பெயர் வாரியாக உள்ளன. 1662ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ், உதவி கேட்கக்கூடும் என்று ஐயுற்ற புதியவரை நடுவர்கள் விசாரித்தார்கள்: எங்கே பிறந்தாய், எங்கே ஓராண்டு முழுதும் வேலை பார்த்தாய்? அவரை ஊரைவிட்டு அனுப்புவதற்காக எழுதப்பட்ட அவ்வாக்குமூலமே, பல நேரங்களில் ஓர் ஏழையின் வாழ்க்கையைப் பற்றி எஞ்சியிருக்கும் ஒரே வரலாறு.

இன்று இப்பதிவுகளில் பல இணையத்தில் கிடைக்கின்றன. இந்திய மாணவரும் தம் அறையிலிருந்தே அவற்றைப் படிக்க முடிகிறது. ஆனால் தேடுபெட்டி கேட்ட பெயரை மட்டுமே தரும். கேட்கத் தெரியாத பெயரைத் தராது. ஆகவே பெயரைக் கண்டதும் நின்றுவிடாமல் அந்தப் பக்கம் முழுவதையும், அதே ஆண்டின் ஏழைகள் நிதிக் கணக்கையும் சேர்த்துப் படிப்பதை ஆய்வு நெறிமுறையாகவே கற்பிக்க வேண்டும். குடும்ப வரலாற்றாளரின் பொறுமையைக் கல்விப்புலம் கற்றுக்கொள்ளட்டும். தம் குலத்தைக் கடந்து பார்க்கும் வினாவை அவர் கல்விப்புலத்திடமிருந்து பெற்றுக்கொள்ளட்டும். இவ்விரண்டும் இணையாதவரை லேஸ் பின்னிய அப்பெண்ணின் பெயர் ஏட்டில் இருக்கும், வரலாற்றில் இராது.