நிறுத்தக் கேட்டால் நிற்பதே முறை

களுதாவளை வெற்றிலைத் தோட்டத்தில் நீர் பாய்ச்சுபவர், ஒரு பாத்தியை முடித்து மறு பாத்திக்குச் செல்லுமுன் தலை நிமிர்ந்து பார்ப்பார். வீட்டிலிருந்து அழைப்பு வந்திருப்பின் அவ்விடத்திலேயே வேலையை நிறுத்துவார். கணினி மொழிகளுக்கு நீட்சி எழுதுவோரிற் பலர் இவ்வெளிய ஒழுங்கையும் பேணுவதில்லை.

பைதன் மொழியில் இயங்கும் செய்நிரலை நிறுத்தக் கருதுபவர் கன்ட்ரோல், சீ ஆகிய விசைகளை ஒருங்கே அழுத்துகிறார். இயங்குதளம் இடைநிறுத்தச் சமிக்ஞையை அனுப்புகிறது. மொழிமாற்றி அக்கணமே செயலை முறிப்பதில்லை. நினைவகம் பாதி திருத்தப்பட்ட நிலையில் முறித்தால் தரவு சிதையும். ஆகவே, சமிக்ஞை வந்ததென ஒரு குறியை மட்டும் இட்டுவைத்து, கட்டளைகளுக்கிடையே தகுந்த இடத்தில் அதனை நோக்குகிறது. இது நன்முறையே. ஆயின், சீ மொழியில் எழுதப்பட்ட நீட்சியொன்று நீண்ட கணிப்பில் இறங்கிவிட்டால், அது மொழிமாற்றியிடம் திரும்பும்வரை அக்குறியை நோக்குவார் இல்லை. பயனர் எத்தனை முறை விசையை அழுத்தினும் பயனில்லை.

இடையிடையே சோதித்தால் வேகம் குறையும் என்பர். பைதனின் சொற்கோலத் தேடற்பொறியே இதற்கு மறுப்பு. சீ மொழியில் எழுதப்பட்ட அப்பொறி, 4096 சுற்றுக்கு ஒருமுறை மட்டுமே குறியை நோக்குகிறது. ஆர் மொழியும் நீட்சி எழுதுவோருக்கு இதற்கெனத் தனிச் செயற்கூறு ஒன்றை வழங்குகிறது. வழி இருக்க, அதனைக் கைக்கொள்ள மறுப்பது சோம்பலன்றி வேறென்ன?

நில்லாத நிரலைக் கொன்றுவிடலாமே என்பர் வேறு சிலர். யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களில் 9ஆம் இலக்கச் சமிக்ஞையை எந்நிரலும் தடுக்கவியலாது என்பது மெய்தான். ஆனால், பெறுபேறுகளைச் சேமிக்கவும் அந்நிரலுக்கு அப்போது வாய்ப்பிராது. மட்டக்களப்பு நாட்டார் பாடல்களின் சொற்களை நாள் முழுதும் எண்ணிய மாணவி, தவறான ஒரு கணிப்பை நிறுத்துவதற்காக நினைவகத்திலிருந்த அனைத்தையும் இழக்க வேண்டுமா?

தமிழில் நிரல் எழுதுவதனாலும் இவ்விடர் நீங்காது. முத்தையா அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ மொழி பைதன்மீது எழுப்பப்பட்டதே. அடித்தளத்தின் குறை மேற்றளத்தையும் பற்றும்.

ஆதலின், நீட்சி எழுதுவோர் ஒவ்வொரு நீண்ட சுழலிலும் குறியை நோக்குக. நிறுத்தம் கேட்கப்பட்டிருப்பின், பெற்ற நினைவகத்தை விடுவித்துப் பிழையறிவித்துத் திரும்புக. நிறுத்தும் உரிமை பயனருக்குரியது. அதனைப் பறித்துப் பெறும் வேகம் எவருக்கும் வேண்டா.