‘நமக்குள் என்ன எழுத்து?’



சிறுதொழிலை வளர்ப்பது எப்படி என்று கற்றுத்தரும் கூட்டங்கள் நம் ஊர்களில் பெருகிவிட்டன. அவற்றில் பேசுவோர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களின் வரலாற்றைத் தவறாமல் எடுத்துரைக்கின்றனர். வெறுங்கையோடு மதீனா வந்த அவர்களுக்கு ஸஅத் இப்னு ரபீஉ (ரலி) அவர்கள் தம் செல்வத்தில் பாதியைத் தர முன்வந்தார்கள். அதை ஏற்காமல் கடைவீதிக்கு வழி கேட்டுச் சென்ற அவர்கள், பின்னாளில் பெருஞ்செல்வராக உயர்ந்தார்கள். கேட்போர் உள்ளம் நெகிழ்கிறது. ஆனால் அன்று அவர்கள் இலாபமாகக் கொண்டுவந்தது உலர்ந்த பாலாடைக்கட்டியும் நெய்யும் என்பதில் எந்தப் பேச்சாளரும் நின்று பேசுவதில்லை. பெரிதாகக் கனவு காணச் சொல்லும் மேடைக்கு அது சிறிய சரக்காகப் படுகிறது போலும்.

கூட்டம் முடிந்து வெளியே வரும் நம்மவர் சொல்லும் குறை எப்போதும் ஒன்றே. “வங்கிக்குப் போனால் வட்டி, வட்டி ஹராம். வட்டியில்லாமல் முதல் போட யார் இருக்கிறார்கள்? இருந்தால் நாமும் வளர்ந்திருப்போம்.” சிங்காநல்லூரின் லேத் பட்டறைகளிலும் தையல் கடைகளிலும் பேக்கரிகளிலும் இக்குறையைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். இதன் முற்பாதி மார்க்கம். அதில் நமக்கு மறுப்பில்லை. பிற்பாதியை நாம் ஏற்கவில்லை. நம் சமுதாயத்தில் பணம் இல்லாமல் இல்லை. வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த தொகையாக, பெண்களின் நகையாக, வாங்கிப்போட்ட மனையாக அது இருக்கத்தான் செய்கிறது. நம் பட்டறைகளுக்குள் அது நுழையத் தயங்குவதற்குக் காரணம், அங்கே கணக்கு இல்லை என்பதே.

இதைச் சற்று விளக்க வேண்டும். வட்டிக்குக் கொடுப்பவருக்கு உங்கள் இலாபம் எவ்வளவு என்பது தேவையில்லை. அவருக்கு வேண்டியவை அடகும் தவணையும்தான். கடை நட்டத்தில் ஓடினாலும் அவருக்கு வர வேண்டிய தொகை குறையாது. இலாபத்தில் பங்கு பேசி முதல் போடுபவரின் நிலை வேறு. ‘முளாரபா’ முறையில் ஒருவர் முதல் போட, மற்றவர் உழைக்க, முன்பே பேசிய விகிதத்தில் இருவரும் இலாபத்தைப் பிரித்துக்கொள்கின்றனர். உழைத்தவரிடம் அலட்சியமோ மோசடியோ இல்லாதவரை, பண நட்டம் முதல் போட்டவரையே சாரும். ஆகவே அவர் திரும்பத் திரும்பக் கேட்டாக வேண்டிய கேள்வி, ‘இலாபம் எவ்வளவு?’ என்பது. அதற்கு விடை சொல்ல முடியாத கடையில் ஹலாலான முதலீட்டை வைக்க இடமே இல்லை. வட்டிக் கடனைவிட வட்டியில்லாக் கூட்டுக்குத்தான் கணக்கு அதிகம் வேண்டும். நம்மவரோ, வங்கிக்குத்தான் தாள்கள் வேண்டும், நமக்குள் நம்பிக்கை போதும் என்று தலைகீழாகப் புரிந்துவைத்திருக்கின்றனர்.

‘நமக்குள் என்ன எழுத்து?’ அண்ணன் தம்பிக்கிடையே, மாமன் மச்சானுக்கிடையே இச்சொல் இறையச்சத்தின் அடையாளம் போலவே சொல்லப்படுகிறது. எழுதிக்கொள்வோம் என்று கேட்டவர் சந்தேகப் பிராணி ஆகிவிடுகிறார். ஆனால் திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம் எதைப் பற்றியது? அல்பகரா அத்தியாயத்தின் 282ஆம் வசனம் அது. தவணைக் கடனை எழுதி வைப்பதைப் பற்றியது. எழுதுபவர் நேர்மையாக எழுத வேண்டும், கடன்பட்டவரே வாசகத்தைச் சொல்ல வேண்டும், சாட்சிகள் வேண்டும், தொகை சிறிதோ பெரிதோ எழுதச் சலிப்படையலாகாது என்றெல்லாம் அது விரிகிறது. கைக்குக் கை முடிந்துவிடும் வியாபாரத்துக்கே எழுதாமல் விடச் சலுகை உண்டு. அவ்வசனம் அமைந்த இடத்தையும் கவனியுங்கள். 275ஆம் வசனம் முதல் வட்டி கண்டிக்கப்படுகிறது. சிரமப்படும் கடனாளிக்கு அவகாசம் தரச் சொல்லப்படுகிறது. அதை அடுத்தே எழுதும்படியான கட்டளை வருகிறது. முன்னதை ஜும்ஆ மேடையில் முழங்கக் கேட்கிறோம். பின்னதைக் கேட்டது எப்போது? அவ்வசனத்தை முதலில் செவியுற்றோர் ஸஹாபாக்கள். அவர்களுக்கிடையே இல்லாத நம்பிக்கையா நம் மச்சான்மாருக்கிடையே பொங்கி வழிகிறது?

கைபரின் பேரீச்சந்தோட்டங்கள் விளைச்சலில் பாதி என்ற பங்குக்கு விடப்பட்டபோது, அல்லாஹ்வின் தூதர் (ஸல்) அவர்கள் அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரலி) அவர்களை அனுப்பிக் காய் மரத்தில் இருக்கும்போதே விளைச்சலை மதிப்பிடச் செய்தார்கள். பங்குத் தொழிலில் மதிப்பீடு இல்லாமல் பங்கைப் பிரிக்க வழியில்லை.

கணக்குள்ள கடை கிடைக்காத பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். 2019 ஜூனில் பெங்களூரின் ஐ.எம்.ஏ. நிறுவனம் கவிழ்ந்து, அதன் நிறுவனர் நாட்டைவிட்டு வெளியேறியபோது, புகார் கொடுக்க வரிசையில் நின்ற ஆயிரக்கணக்கானோரில் பெரும்பாலோர் முஸ்லிம்கள். ‘ஹலால் முதலீடு’ என்ற பெயர் இருந்தது. மாதந்தோறும் ‘இலாபப் பங்கு’ வந்தது. எந்தத் தொழிலின் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று கேட்டவர் சிலரே. திருப்பூரின் பாசி நிறுவனத்தையும் பெருந்துறையின் ஈமு கோழிப் பண்ணையையும் கண்ட கொங்கு நாட்டாருக்கு இது புதிய கதையுமன்று. அண்டை வீட்டுப் பட்டறை ஒரு நோட்டுப் புத்தகத்தைத் திறந்து காட்டியிருந்தால், அந்தப் பணத்தில் ஒரு பகுதியேனும் இங்கே இரண்டாவது லேத்தாக நின்றிருக்கும்.

முதல் வராத கடைக்காரர் தண்டலுக்குப் போகிறார். வங்கி வட்டியை ஹராம் என்று ஒதுக்கியவரே இதற்குக் கை நீட்டுவதுதான் வேதனை. 10,000 ரூபாய் என்று எழுதி, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளொன்றுக்கு 100 ரூபாயாக 100 நாள் வசூலிப்பது வழக்கமான முறை. 1,500 ரூபாய்தானே என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே திருப்பிச் செலுத்துவதால், சராசரியாகக் கையில் நின்ற பணம் 8,500இல் பாதியே. 4,250க்கு 100 நாளில் 1,500 என்றால், ஆண்டுக்கு நூற்றுக்கு 125க்கும் மேல். கையெழுத்துப் போட்டவர் இதை ஒரு தாளில் போட்டுப் பார்த்ததில்லை. கணக்கை வெறுப்பவர் கடைசியில் சேரும் இடம் இதுதான்.

இனிக் கல்லாப்பெட்டிக்கு வருவோம். ஒரு பட்டறையில் மாதம் 1,80,000 ரூபாய்க்கு ஜாப் ஆர்டர் முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். வாடகை, மின்கட்டணம், கூலி, டூல் செலவு எல்லாம் 1,20,000. மிச்சம் 60,000. ஆனால் வீட்டு அரிசியும் மகனின் பள்ளிக் கட்டணமும் மைத்துனர் வாங்கிய கைமாற்றும் அதே கல்லாவிலிருந்து போயிருக்கின்றன. மாதக் கடைசியில் கையில் இருப்பது 15,000. முதல் போட்டவருக்குப் பங்கு 60,000இலிருந்தா, 15,000இலிருந்தா? கூட்டுத் தொழில்கள் முறிவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். ஆகையால் கூட்டுச் சேரும் நாளிலேயே எழுத வேண்டியவை சில உண்டு. யார் எவ்வளவு போட்டார், இலாப விகிதம் என்ன, எவையெல்லாம் கடைச் செலவு, வீட்டுக்கு மாதம் எவ்வளவுதான் எடுக்கலாம், ஒருவர் விலக நினைத்தாலோ மௌத்தாகிவிட்டாலோ அவர் பங்கை எப்படி மதிப்பிடுவது என்பன அவை. உழைப்பவருக்குத் தனிச் சம்பளமா, இலாபத்தில் கூடுதல் விகிதமா என்பதை ஆலிம் ஒருவரிடம் கேட்டுத் தெளிவது நலம். முதல் போட்டவருக்கு ‘மாதம் 5,000 உறுதி’ என்று எழுதிவிடாதீர்கள். அது வேறு பெயரில் வரும் வட்டியே.

மௌத்து என்றோம். நம்மவர் பேசக் கூசும் ஒன்றை இங்கே பேசியாக வேண்டும். தகப்பனார் மறைந்தபின் கடை அண்ணன் தம்பிகள் கையில் தொடர்கிறது. சகோதரிகளின் பங்கு என்ன ஆயிற்று? “அவளுக்குத்தான் கல்யாணச் செலவு செய்தோமே” என்கிறார்கள். அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனம் பெண்மக்களின் பங்கை வரையறுத்துவிட்டது. கல்யாணப் பந்திச் செலவைக் கழிக்க அதில் இடமில்லை. கடன், மரண சாசனம் போக எஞ்சியதைப் பிரிக்க வேண்டும் என்றால், சரக்கு எவ்வளவு, வர வேண்டியது எவ்வளவு, தர வேண்டியது எவ்வளவு என்பது தெரிய வேண்டும். தெரியாத கடையில் சகோதரியின் பங்கு சகோதரர்களின் வட்டியில்லா முதலீடாக ஆண்டுக்கணக்கில் சுழல்கிறது. அவர் கேட்கவுமில்லை, கொடுக்கவுமில்லை. ‘பரக்கத்தாக நடக்கிறது’ என்று நாம் வாழ்த்தும் கடைகள் சிலவற்றின் முதல் இது. எழுத்து இல்லாமை எல்லோருக்கும் ஒரேபோல் இழப்பைத் தருவதில்லை. கல்லாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அது வசதி.

ஸகாத்தும் அவ்வாறே. வியாபாரச் சரக்கை ஆண்டுக்கு ஒருமுறை எண்ணி மதிப்பிடாமல் நூற்றுக்கு இரண்டரை எதிலிருந்து கணக்கிடப்படுகிறது? ரமளானில் மனத்தில் பட்டதைக் கொடுத்துவிடுவது ஸதகாவாகலாம்.

கணக்கு எழுதினால் வரி வரும் என்ற அச்சத்துக்கும் ஒரு சொல். பொருள் மட்டும் விற்கும் கடைக்கு ஆண்டு விற்பனை 40 இலட்சம் வரையிலும், சேவைத் தொழிலுக்கு 20 இலட்சம் வரையிலும் பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவே கட்டாயமில்லை. 2025 ஜூலையில் கர்நாடகத்தில் சிறு வணிகர்களின் யு.பி.ஐ. வரவுகளைக் கூட்டிப் பார்த்து வணிகவரித் துறை அறிவிப்புகள் அனுப்பியது. பாலும் காய்கறியும் விற்றவர்களும் அதில் சிக்கினர். நீங்கள் எழுதாவிட்டாலும் உங்கள் வரவைக் கைப்பேசி எழுதிக்கொண்டிருக்கிறது. எது வரிவிலக்குள்ள பொருள், எது தம்பி திருப்பித் தந்த கைமாற்று என்று எடுத்துக்காட்ட உங்களிடம்தான் ஏடு இல்லை.

எழுத்தால் கைக்கு வரும் பணமும் உண்டு. மோட்டார் பம்பும் வெட் கிரைண்டரும் செய்யும் இந்நகரத்தில், பெரிய நிறுவனங்களுக்குப் பாகம் செய்து கொடுத்துவிட்டுப் பணத்துக்கு மாதக்கணக்கில் அலையும் பட்டறைகள் எத்தனை! வசதியுள்ளவர் கடனை இழுத்தடிப்பது அநீதி என்பது நபிமொழி. நாட்டின் சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, எழுதிய ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லையேல் 15 நாளிலும் வாங்கியவர் பணம் தர வேண்டும். அந்தக் கெடு தவறினால், பணம் கொடுக்கும் வரை அத்தொகையைத் தம் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடப்பில் உள்ளது. உத்யம் பதிவு இலவசம்; பதிந்த பட்டறைகள் கோவையில் உள்ள வசூல் உதவி மன்றத்திடம் முறையிடலாம். வாங்கி விற்கும் கடைகளுக்கு இது பொருந்தாது. செய்து தருவோருக்கும் சேவை புரிவோருக்குமே பொருந்தும். தாமதத்துக்கு அச்சட்டம் தரும் கூட்டுவட்டி நமக்கு வேண்டாம். அசலைக் கேட்க யாருக்கும் அஞ்ச வேண்டியதில்லை. ஆனால் மன்றம் முதலில் கேட்பது பில்லையும் டெலிவரி சலானையும்தான். துண்டுச் சீட்டில் குறித்துச் சட்டைப் பையில் போட்டவர் அங்கே என்ன காட்டுவார்?

ஜமாஅத்தாருக்கும் ஒரு வேண்டுகோள். பைத்துல்மால் மூலம் கடன் கொடுக்கும்போது ஜாமீன்தாரரை மட்டும் கேட்காதீர்கள். கடையின் மூன்று மாத நாள்வழிக் கணக்கைக் கேளுங்கள். இல்லை என்பவரை விரட்ட வேண்டாம். ஒரு குறிப்பேட்டைக் கையில் கொடுத்து மூன்று மாதம் கழித்து வரச் சொல்லுங்கள்.

எழுத ஆளில்லை என்பார்கள். பி.காம். முடித்த பெண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர் இருக்கிறார்கள்! மாலையில் ஒரு மணி நேரம், வீட்டில் இருந்தபடியே, அன்றைய சிட்டையைப் பார்த்துப் பேரேட்டில் பதிய அவர்களால் முடியும். மகளிடமோ மருமகளிடமோ அந்த ஏட்டை ஒப்படையுங்கள். அந்த வேலைக்கு மாதச் சம்பளம் பேசி, அதையும் கடைச் செலவாக அதே ஏட்டில் எழுதச் சொல்லுங்கள்.