இரவுப் பணி நேரமும் கடமை வரையறையும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைவர், செயலாளர், செயற்குழு உறுப்பினர்கள்,
வானாய்வக இரவுப் பணியாளர் சங்கம்.

பெறுநர்:
உயர்திரு இயக்குநர் அவர்கள்,
உயர்திரு நிர்வாக அலுவலர் அவர்கள்,
வானாய்வகப் பொறுப்பு விஞ்ஞானி அவர்கள்.

பொருள்: தொலைநோக்கி ஆபரேட்டர்கள், குவிமாட உதவியாளர்கள், மின் பிரிவு மற்றும் இயந்திரப் பிரிவின் இரவு ஊழியர்கள், காவலர்கள், ஓட்டுநர்கள் ஆகியோரின் பணி நேரத்தையும் பொறுப்புகளையும் எழுத்து மூலம் வரையறுக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

இரவில் நாங்கள் எத்தனை மணி நேரம் வேலை செய்கிறோம் என்பதை இப்போது லாக் புக் ஒன்றுதான் தீர்மானிக்கிறது. முதல் எக்ஸ்போஷர் தொடங்கிய நேரத்திலிருந்து கடைசி எக்ஸ்போஷர் முடிந்த நேரம் வரை உள்ளதே எங்கள் பணி நேரம் என்று நிர்வாகப் பிரிவு கணக்கெடுக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் செய்யும் வேலை கணக்கில் வருவதில்லை. மேகம் மூடிய இரவு முழுதுமே வருவதில்லை. டூட்டிக்கு வந்து கையெழுத்திட்ட நேரம் முதல், குவிமாடத்தைச் சாத்திப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டுக் கிளம்பும் நேரம் வரை முழுவதும் பணி நேரமே என ஆணையிட வேண்டும் என்பதே இம்மனுவின் தலையாய கோரிக்கை. ஏனைய கோரிக்கைகளில் பெரும்பாலானவை இதன் கிளைகள்.

ஜனவரி மாதத்து இரவு ஒன்றைத் தாங்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். நம் அட்சரேகையில் அப்போது சூரியன் மறைந்து மீண்டும் உதிக்கும் வரை ஏறத்தாழ பன்னிரண்டரை மணி நேரம். ஆனால் ஆபரேட்டர் மாலை நாலரைக்கே மலைமேல் இருக்க வேண்டும். குவிமாடத்தின் பிளவைத் திறந்து உள்ளே தேங்கிய பகல் வெப்பத்தை வெளியேற்றாவிட்டால் சூடான காற்று கண்ணாடிக்கு மேலே அலைந்துகொண்டிருக்கும்; விண்மீன் கூர்மையாகத் தெரியாமல் குழம்பித் தெரியும். கேமராவின் குளிர்கலத்தில் திரவ நைட்ரஜன் நிரப்ப வேண்டும். அந்தி வெளிச்சம் மங்குவதற்குள் ஃபிளாட் எனும் அளவுதிருத்தப் படங்களை எடுத்தாக வேண்டும். சில நிமிடம் தவறினால் அன்றைய தரவு முழுவதையும் சரிசெய்ய வழியில்லாமல் போகும். சூரியன் மறைந்த பிறகும் வானம் முழுமையாக இருட்ட ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. அந்த நேரத்தில் தொலைநோக்கியின் குறி பார்த்து, ஃபோகஸ் சரிசெய்து, வழிகாட்டி விண்மீனைப் பிடித்து வைக்கிறோம். விடியற்காலையில் இதே வேலைகள் தலைகீழாக நடக்கின்றன. கண்ணாடி மூடியைப் போட்டு, நைட்ரஜனை மறுபடி நிரப்பி, பழுதுக் குறிப்பு எழுதிப் பகல் பிரிவிடம் ஒப்படைத்துக் கீழே இறங்கும்போது மணி ஏழரை ஆகிறது. பதினைந்து மணி நேரம் மலைமேல் இருந்தவரின் பெயருக்கு நேரே பத்து மணி நேரமும் சில நிமிடங்களும் பதிவாகின்றன.

மேக இரவுகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. வானம் மூடியிருந்தால் வேலை இல்லை என்ற எண்ணம் அலுவலகத்தில் இருக்கிறது. மேகம் எப்போது விலகும் என்று யாரும் முன்கூட்டிச் சொல்ல முடியாது என்பதால், விலகும் கணத்தில் தொலைநோக்கி தயாராக இருக்க வேண்டும் என்பது நிலையான உத்தரவு. அதனால் படுக்க முடியாது. அரை மணிக்கு ஒரு முறை வெளியே போய் வானம் பார்க்கிறோம். செயற்கைக்கோள் படத்தைப் பார்க்கிறோம். மின்னல் நெருங்கினால் கருவிகளின் இணைப்பைத் துண்டிக்கிறோம். சில இரவுகளில் மூன்று மணிக்கு வானம் திறந்து ஒன்றரை மணி நேரம் கிடைக்கிறது. அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் லாக் புக்கில் ஏறுகிறது. காத்திருக்கச் சொன்னது நிர்வாகம்; அந்தக் காத்திருப்பும் பணியே. நள்ளிரவுக்குப் பின் வாய்ப்பே இல்லை என்று தெரிந்தால் டூட்டியை முடித்துவைக்கும் அதிகாரம் யாருக்கு, எந்த அளவுகோலின்படி என்பதையும் எழுத்தில் தர வேண்டும். இன்று அது அன்றன்று வரும் விஞ்ஞானியின் மனநிலையைப் பொறுத்திருக்கிறது.

வருகைப் பதிவில் உள்ள சிக்கலும் இங்கிருந்தே பிறக்கிறது. பயோமெட்ரிக் கருவிக்கு ஒரு நாள் என்பது நள்ளிரவோடு முடிந்துவிடுகிறது. மாலையில் விரல் வைத்து மறுநாள் காலையில் விரல் வைக்கும் எங்களை அது முதல் நாள் ‘வெளியேறவில்லை’ என்றும் இரண்டாம் நாள் ‘தாமத வருகை’ என்றும் காட்டுகிறது. மாதக் கடைசியில் ஒவ்வொருவரும் விளக்கக் கடிதம் எழுதிப் பொறுப்பு அலுவலரின் கையெழுத்துக்காகப் பகலில் அலைகிறோம். இரவு ஷிஃப்டை அது தொடங்கிய தேதியிலேயே ஒரே வருகையாகப் பதியும்படி மென்பொருளை மாற்ற வேண்டும்.

அதே போல, காலை ஏழரைக்கு இறங்கும் அந்த நாளையே வாராந்திர ஆஃப் ஆக எழுதும் வழக்கம் நிற்க வேண்டும். அன்று பகல் தூக்கத்தில் கழிகிறது. மறுநாள் மாலை மறுபடி டூட்டி. ரயில்வேயில் ஓட்டுநர் போன்றோரின் ஓய்வு விதிகளில், வார ஓய்வு என்றால் அதற்குள் படுக்கையில் கழிக்கும் ஒரு முழு இரவு இருக்க வேண்டும் என்று சொல்லப்பட்டிருக்கிறது. எங்கள் வார ஓய்வையும் முழு இரவுகளைக் கொண்டே கணக்கிட வேண்டும். தொடர்ந்து ஐந்து இரவுகளுக்கு மேல் ரோஸ்டர் போடக் கூடாது. ஐந்தாம் இரவு முடிந்து இறங்கும் நாளை விட்டுவிட்டு, இரண்டு முழு இரவு ஓய்வு வேண்டும். ரோஸ்டரைப் பதினைந்து நாளுக்கு முன்பே ஒட்ட வேண்டும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் எங்களுக்கு ஓய்வு கிடைக்கிறது என்று வெளியில் பலர் நினைக்கிறார்கள். ஆனால் நிலா வெளிச்சத்தால் பெரிதும் பாதிக்கப்படாத நிறமாலைப் பணிகள் அந்த நாட்களுக்கே ஒதுக்கப்படுகின்றன என்பதைத் தாங்கள் அறிவீர்கள்.

அடுத்த கோரிக்கை குவிமாடத்தை மூடும் அதிகாரம் பற்றியது. எங்கள் உறுப்பினர்கள் மிகவும் மனம் நொந்து பேசுவது இதைத்தான்.

ஈரப்பதம் 85 விழுக்காட்டைத் தாண்டினால் மூட வேண்டும் என்று கட்டுப்பாட்டு அறைச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. பின்னிரவில் மானி 83, 84 என்று ஏறும்போது ஆபரேட்டர் சிவப்பு டார்ச்சோடு வெளி நடைபாதைக்குப் போய்க் கைப்பிடிக் கம்பியைத் தொட்டுப் பார்ப்பார். மானி காட்டுவதற்கு முன்பே கம்பி ஈரம் சொல்லிவிடும். உள்ளே வந்து “மூடிடலாம் சார்” என்றால், “இன்னும் ஒரே ஒரு எக்ஸ்போஷர்” என்று பதில் வருகிறது. அந்த விஞ்ஞானியின் நிலையும் எங்களுக்குப் புரிகிறது. விண்ணப்பம் போட்டு மாதக்கணக்கில் காத்திருந்து பெற்ற இரவு அது. ஆனால் கண்ணாடியின் மேலுள்ள அலுமினியப் பூச்சின் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான். அதன்மேல் பனி இறங்கி, படிந்த தூசியோடு சேர்ந்து காய்ந்தால் பூச்சு கெடும். மறுபூச்சுக்குக் கண்ணாடியைக் கழற்றி, கழுவி, வெற்றிடக் கலத்தில் ஏற்றி இறக்கி, மறுபடி பொருத்தி ஒளி அச்சைச் சரிபார்த்து முடிக்கும் வரை தொலைநோக்கி எல்லோருக்கும் மூடிக்கிடக்கும்.

மூடச் சொன்ன ஆபரேட்டரின் பேச்சு எடுபடாமல் போன இரவுகள் உண்டு. பிறகு கண்ணாடியில் கறை தெரிந்தபோது விளக்கம் கேட்டு மெமோ வந்தது ஆபரேட்டருக்குத்தான். முன்னெச்சரிக்கையாக மூடியபோது, நேரம் வீணாக்கப்பட்டதாக விஞ்ஞானி எழுதிய புகாரும் அதே ஆபரேட்டரின் கோப்பில்தான் சேர்ந்தது. பொறுப்பை ஒருவரிடமும் அதிகாரத்தை இன்னொருவரிடமும் வைத்தால் இப்படித்தான் நடக்கும். ஈரப்பதம், காற்று, மழை, மின்னல், தூசி ஆகிய ஐந்து காரணங்களுக்காகவும் குவிமாடத்தை மூடுவதில் டூட்டி ஆபரேட்டரின் சொல்லே இறுதியானது என்று ஆணை வேண்டும். மூடிய பிறகு, அளவு வரம்புக்குள் வந்து அரை மணி நேரம் நிலைத்தால் மட்டுமே திறக்க வேண்டும். நல்லெண்ணத்தோடு மூடியதற்காக எந்த ஊழியர் மீதும் நடவடிக்கை கூடாது. தொலைநோக்கி நேரம் ஒதுக்கும் கடிதத்திலேயே இவ்விதியை அச்சிட்டு, வரும் ஆய்வாளர்களிடம் கையெழுத்துப் பெற வேண்டும்.

தனியாள் டூட்டி அறவே கூடாது. திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரி செல்சியஸில் இருப்பது. ஒரு லிட்டர் ஆவியானால் ஏறத்தாழ எழுநூறு லிட்டர் வாயுவாகி, மூடிய அறையில் ஆக்சிஜனைத் தள்ளிவிடும். நிறமும் மணமும் இல்லாததால் மயங்கி விழும்வரை தெரியாது. அந்த வேலையை இன்று இரவில் ஒரே ஆள், வெளிச்சம் குறைந்த அறையில் செய்கிறார். குவிமாடப் படிகளிலும் நகரும் மேடையிலும் இருட்டில்தான் ஏறி இறங்குகிறோம். ஒவ்வொரு தொலைநோக்கிக்கும் இரவில் இருவர், நைட்ரஜன் அறையில் ஆக்சிஜன் அளவு காட்டும் அலாரம், குளிர் தாங்கும் கையுறை, முகக் கவசம், படி விளிம்புகளில் மங்கிய சிவப்பு விளக்கு, முதலுதவி தெரிந்தவர் ஒருவர், விடியும்வரை மலைமேல் நிற்கும் ஒரு வாகனம் ஆகியவை உடனடித் தேவை.

பகலில் நாங்கள் தூங்குவது சோம்பேறித்தனம் அல்ல, எங்கள் பணியின் ஒரு பகுதி. காலை பத்தரைக்குக் கூட்டம், பதினொன்றுக்குப் பயிற்சி வகுப்பு, பன்னிரண்டுக்கு ‘ஒரு சின்ன சந்தேகம்’ என்று தொலைபேசி என்றால் அன்றிரவு கையில் இருப்பது கோடிக்கணக்கான ரூபாய் மதிப்புள்ள கருவி என்பதை யோசிக்க வேண்டும். இரவு டூட்டி முடித்தவரை பிற்பகல் மூன்று மணிக்கு முன் அழைக்கக் கூடாது. ஓய்வு அறைகளுக்குக் கனமான திரை போடவும், அவற்றை ஒட்டிய கட்டடத்தில் வெல்டிங், ஜெனரேட்டர் சோதனை போன்றவற்றைப் பிற்பகலுக்கு மாற்றவும் பெரிய செலவு இல்லை. கேண்டீன் இரவு எட்டு மணிக்கே சாத்தப்படுகிறது. நள்ளிரவில் சூடாக ஒரு வேளை உணவு வேண்டும். விடிய விடிய விழித்தவர்கள் இருசக்கர வாகனத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறார்கள். தூக்கக் கலக்கத்தில் தடுப்புச் சுவரில் உரசி விழுந்த தோழர்கள் எங்களுக்குள் இருக்கிறார்கள். காலையில் அடிவாரம் வரை அலுவலக வாகனம் கட்டாயம் வேண்டும்.

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-இல் உடல் கடிகாரத்தைக் குலைக்கும் ஷிஃப்ட் வேலையையும், 2019-இல் மறுபரிசீலனை செய்து இரவு ஷிஃப்ட் வேலையையும் ‘புற்றுநோய் உண்டாக்கப் பெரிதும் வாய்ப்புள்ளவை’ என்ற 2ஏ பிரிவில் வைத்தது. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 1990-ஆம் ஆண்டு இரவுப் பணி உடன்படிக்கை, இரவுப் பணியாளர் கேட்டால் கட்டணமின்றி உடல்நல மதிப்பீடு செய்ய வேண்டும் என்கிறது. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை என்றாலும், ஆண்டுக்கொரு முறை சர்க்கரை, ரத்த அழுத்தம், கண், இதயப் பரிசோதனை நடத்த நிறுவனத்துக்குத் தடை ஏதும் இல்லை. மருத்துவர் இரவுப் பணி கூடாது என்று சொன்னால், ஊதியம் குறையாமல் பகல் பணிக்கு மாற்ற வேண்டும்.

இரவுப் பணிப் படியைப் பொறுத்தவரை புதிதாக எதையும் கேட்கவில்லை. மத்தியப் பணியாளர் துறையின் 2020 ஜூலை 13 ஆணைப்படி இரவு 10 முதல் காலை 6 வரையிலான பணியில் ஒவ்வொரு மணிக்கும் 10 நிமிடம் கூடுதலாகக் கணக்கிடப்பட வேண்டும். எட்டு மணி நேரத்துக்கு 80 நிமிடம். அடிப்படை ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகையை 200-ஆல் வகுத்தால் மணி விகிதம் கிடைக்கும். இந்த ஆணையை நம் நிறுவனத்தில் முழுமையாக நடைமுறைப்படுத்தி நிலுவையையும் வழங்க வேண்டும். அடிப்படை ஊதியம் ரூ.43,600-ஐத் தாண்டினால் படி இல்லை என்ற வரம்பால், அதிக ஆண்டுகள் இரவில் விழித்த மூத்த ஆபரேட்டர்களே படியை இழக்கிறார்கள். அவர்களுக்கு ஈடுசெய்யும் விடுப்பு தரும்படியும், வரம்பைத் தளர்த்த அமைச்சகத்துக்குப் பரிந்துரைக்கும்படியும் கேட்டுக்கொள்கிறோம்.

ஒப்பந்தப் பணியாளர்களுக்கும் மேற்கண்ட அனைத்தும் பொருந்த வேண்டும். அதே குளிரில், அதே கண்ணாடிக்குப் பக்கத்தில் நிற்பவருக்கு மேக இரவில் கூலி வெட்டப்படுவதை எங்கள் சங்கம் ஏற்காது. பெண் ஊழியர்களுக்கு இரவில் தனிக் கழிப்பறையும் ஓய்வறையும் வேண்டும். வசதி இல்லை என்று சொல்லி அவர்களை ரோஸ்டரிலிருந்து நீக்குவது தீர்வாகாது.

விடுப்பில் ஒரு குறை பல ஆண்டுகளாக நீடிக்கிறது. ஜூன் தொடங்கி டிசம்பர் வரை இரண்டு பருவமழைகளும் வானத்தை மூடுகின்றன; தெளிந்த வானம் ஜனவரி முதல் மே வரைதான். அதனால் பொங்கலுக்கும், பிள்ளைகளின் பொதுத்தேர்வுக்கும், தை மாதக் கல்யாணங்களுக்கும் விடுப்பு மறுக்கப்படுகிறது. அந்த ஐந்து மாதங்களில் ஒவ்வொருவருக்கும் குறைந்தது பத்து நாள் விடுப்பு உறுதி செய்து, பொங்கல் டூட்டியைச் சுழற்சி முறையில் போட வேண்டும்.

லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீட்டர் உயரத்தில் உள்ள 2 மீட்டர் தொலைநோக்கியைப் பெங்களூருக்கு அருகே ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பு வழியாக இயக்குகிறார்கள். இங்கும் தொலை இயக்கம் வரப்போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நாங்கள் அதை எதிர்க்கவில்லை. ஆனால் எத்தனை பேர் மலைமேல் இருப்பார்கள், கீழிருந்து இயக்குபவருக்கும் மேலிருப்பவருக்கும் இடையே பொறுப்பு எப்படிப் பிரியும், மீதமுள்ளோருக்கு என்ன பயிற்சி என்பதைச் சங்கத்தோடு பேசிய பிறகே முடிவெடுக்க வேண்டும்.

சிறிய கோரிக்கை ஒன்றும் உண்டு. சென்னை வானாய்வகத்தில் உதவியாளராக இருந்த சிந்தாமணி ரகுநாதாச்சாரி 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்னும் மாறொளி விண்மீனைக் கண்டறிந்தார்; அவர் பெயர் பதிவானதால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. நம் தரவுக் கோப்புகளில் விஞ்ஞானியின் பெயர் மட்டுமே ஏறுகிறது. டூட்டி ஆபரேட்டரின் பெயருக்கும் ஒரு இடம் ஒதுக்க வேண்டும்.

இம்மனு கிடைத்த முப்பது நாட்களுக்குள் சங்கப் பிரதிநிதிகளைப் பேச்சுவார்த்தைக்கு அழைக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். கூட்டம் பிற்பகல் நான்கு மணிக்கு முன் வேண்டாம்; அன்றிரவு டூட்டியில் உள்ளவர்களும் கலந்துகொள்ள வேண்டும். குவிமாடத்தை மூடும் அதிகாரம், தனியாள் டூட்டிக்குத் தடை ஆகிய இரண்டும் உயிரையும் கருவியையும் காப்பவை என்பதால், பேச்சுவார்த்தைக்குக் காத்திராமல் இவற்றுக்கு இடைக்கால ஆணை பிறப்பிக்க வேண்டுகிறோம். அதுவரை நாங்கள் வழக்கம்போல் டூட்டியில் இருப்போம். ஆனால் ஈரப்பதம் 85-ஐத் தாண்டினால் குவிமாடம் மூடப்படும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
தலைவர், செயலாளர் மற்றும் செயற்குழுவினர்.

இணைப்பு: கடந்த தெளிவான பருவத்தின் ரோஸ்டர் நகல்கள், லாக் புக் பக்கங்கள், உறுப்பினர் கையெழுத்துப் பட்டியல்.