கூரை தெரிகிறது, பெயர் தெரியவில்லை

உலகின் நிலப்பரப்பு முழுவதையும் கணினி வரைந்து முடித்துவிட்டது என்னும் பெருமிதக் குரல் இன்று எங்கும் ஒலிக்கிறது. ஆண்டுதோறும் அமெரிக்க நாட்டுச் சான் டியேகோ நகரில் எஸ்ரி நிறுவனம் கூட்டும் மாநாடாயினும், 2025 அக்டோபரில் மணிலாவில் கூடிய தன்னார்வ வரைபடக்காரர்களின் ‘ஸ்டேட் ஆஃப் தி மேப்’ மாநாடாயினும், இன்றைய வரைபட மேடைகளில் முன்வரிசையில் அமர்ந்திருப்பது செயற்கை நுண்ணறிவே. செயற்கைக்கோள் எடுத்த படத்தை இயந்திரத்திடம் கொடுத்தால், இது வீடு, இது சாலை, இது ஆறு என்று அதுவே பிரித்துக் காட்டிவிடுகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனம் 2018-இல் அமெரிக்காவின் ஏறத்தாழ 12½ கோடிக் கட்டடங்களை இம்முறையில் வரைந்து வெளியிட்டது. கூகுள் நிறுவனம் 2023-க்குள் ஆப்பிரிக்கா, தெற்காசியா, தென்கிழக்காசியா, இலத்தீன் அமெரிக்கா ஆகிய பகுதிகளில் 180 கோடிக் கட்டடங்களைக் கண்டறிந்துவிட்டது. இவை அரிய சாதனைகள் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் ஒரு வினா. கண்டறிந்த அந்த 180 கோடிக் கூரைகளில் ஒன்றன் பெயரையேனும் இயந்திரம் வானத்திலிருந்து படித்ததுண்டா? இல்லை. படிக்கவும் இயலாது. கூரை வானத்துக்குத் தெரியும். பெயரோ மனிதர் வாயில் மட்டுமே வாழ்வது. வரைபடத்தில் பாதி கோடு என்றால், மறுபாதி பெயர். அந்த மறுபாதியை எழுத வேண்டியவர்கள் கைகட்டி நிற்கிறார்கள். அவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர்கள் தமிழாசிரியர்கள் என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

நம் பேராக் மாநிலத்தையே எடுத்துக்கொள்வோம். கோப்பெங்கிற்கு மேலே நின்று இயந்திரம் நோக்கினால் என்ன தெரியும்? பழைய ஈய லம்பங்கள் விட்டுச்சென்ற குட்டைகள் தெரியும். செம்பனை வரிசைகள் தெரியும். புதிய தாமான்களின் ஓட்டுக் கூரைகள் தெரியும். அச்செம்பனைக்கு முன் அங்கே பால்மரம் நின்றது தெரியாது. விடியற்காலையில் ஆள் கணக்கெடுத்த பிரட்டுக்களம் எது, லயங்கள் எங்கே நீண்டு கிடந்தன, ஆயாக்கொட்டகை எது, கிராணி வீடு எது, இறந்தோரைப் புதைத்த மேடு எது என்பன தெரியா. மரத்தடியில் தனித்து நிற்கும் ஒரு சிறு கூரையை அது ‘கட்டடம்’ என்று குறிக்கும். அது மூன்று தலைமுறை கும்பிட்ட முனியாண்டி கோயில் என்று யார் அதற்குச் சொல்வது?

கோப்பெங்கிலிருந்து பத்து காஜா செல்லும் வழியில் கெல்லி அரண்மனை இருக்கிறது. வில்லியம் கெல்லி ஸ்மித் என்னும் ஸ்காட்லாந்துத் தோட்ட முதலாளி 1915-இல் தொடங்கி, 1926-இல் லிஸ்பன் நகரில் இறந்துபோனதால் முடிவுறாமலே நின்றுவிட்ட மாளிகை அது. எந்த வரைபடத்தைத் திறந்தாலும் அதன் பெயர் பளிச்சென்று தெரியும். சுற்றுலாப் பேருந்து வழி தவறாது வந்து சேரும். அம்மாளிகையைக் கட்ட உழைத்தோருள் தமிழ்த் தொழிலாளரும் இருந்தனர். தொழிலாளரிடையே கொள்ளைநோய் பரவியபோது அவர்கள் வேண்டிக்கொண்டபடி ஸ்மித் கட்டித்தந்த மாரியம்மன் கோயில் இன்றும் அருகில் உள்ளது. அதன் கூரையில் தெய்வ உருவங்களுக்கு நடுவே ஐரோப்பிய உடையணிந்த ஓர் உருவமும் நிற்கிறது. துரைக்குத் தொழிலாளர் தம் கோயில் கூரையில் இடம் கொடுத்தார்கள். அத்தொழிலாளர் வாழ்ந்த லயத்திற்கு வரைபடத்தில் இடம் கொடுத்தவர் யார்?

தோட்டங்கள் மறைந்த வரலாறு நாம் அறிந்ததே. விடுதலைக்குப் பின் வந்த தோட்டத் துண்டாடல் ஆயிரமாயிரம் குடும்பங்களை வெளியேற்றியது. அதனைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். எஞ்சிய தோட்டங்கள் பலவும் பின்னர் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கை மாறின. தோட்டம் போனபின் பள்ளி மட்டும் பட்டணத்துக்குப் பெயர்ந்து, இல்லாத தோட்டத்தின் பெயரை நெற்றியில் சுமந்து நிற்கும் காட்சியை இந்நாட்டில் எத்தனை இடங்களில் காண்கிறோம்! ‘ஐயா, நம் பள்ளிப் பெயரில் உள்ள தோட்டம் எங்கே இருக்கிறது?’ என்று மாணவன் கேட்டால், கையை வீசி ‘அந்தப் பக்கம்’ என்பதுதான் விடையா?

‘பெயரையும் இயந்திரமே எழுதிவிடும்’ என்பார் உளர். 2021 சனவரியில் கூகுள் நிறுவனம் தமிழ் உட்பட 10 இந்திய மொழிகளில் இடப்பெயர்களைத் தானே ஒலிபெயர்த்துக் காட்டும் ஏற்பாட்டை அறிவித்தது உண்மை. ஆனால் இலக்கணம் கற்பிக்கும் ஆசிரியர் இதைச் சற்று ஆராய்ந்து பார்க்கட்டும். மலாய் மொழியின் உரோமன் எழுத்துமுறையில் ஒரே எழுத்து எகரத்துக்கும் வேறொரு குற்றொலிக்கும் பொதுவாக நிற்கிறது. எழுத்தை மட்டும் பார்க்கும் இயந்திரம் எதைக் கொள்ளும்? ‘பேராக்’ என்று நாம் நிலைநிறுத்திய பெயர் ‘பெராக்’ ஆகலாம்; ‘ஈப்போ’ என்பது ‘இபோஹ்’ ஆகலாம். தமிழில் சொல்லின் இடையே ஒற்றையாய் நிற்கும் வல்லினம் மெலிந்து ஒலிக்கும். ‘ஈபோ’ என்று எழுதினால் பகரம் தன் வன்மையை இழந்துவிடும். அதனாலன்றோ ‘ஈப்போ’, ‘கோப்பெங்’, ‘தைப்பிங்’ என்று வல்லினத்தை இரட்டித்தார்கள்! மலாயில் ‘கல்’ எனப் பொருள்படும் சொல்லைப் ‘பத்து’ என்று இரட்டித்து, அதனோடு ‘மலை’யைச் சேர்த்துப் ‘பத்துமலை’ என்று வழங்கினார்கள். ஈப்போவில் குனோங் சீரோ எனப்படும் குன்றிலுள்ள முருகன் கோயிலைக் ‘கல்லுமலை’ என்றார்கள். இது எந்தக் கல்விக் குழுவும் கூடி வகுத்த விதியன்று. நன்னூல் படியாத பால்மரத் தொழிலாளி தன் செவியைக் கொண்டு கண்ட விதி. அவ்விதியை விளக்கவல்லவர் தமிழாசிரியரேயன்றி இயந்திரமன்று.

பிறர் நம் பெயரை எழுதினால் என்ன நேரும் என்பதற்கு வரலாறு சான்று பகரும். இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவைப் பணி 1802-இல் சென்னைப் பரங்கிமலையருகே அடிக்கோடு அளந்து தொடங்கியது. நடத்தியவர் வில்லியம் லாம்டன். தமிழ் மண்ணில் தொடங்கிய அளவையில் கோடுகள் நுட்பமாக அமைந்தன. ஆனால் ஆங்கில ஆட்சியின் படங்களிலும் ஏடுகளிலும் தூத்துக்குடி ‘டூட்டிகொரின்’ ஆயிற்று. திருவல்லிக்கேணி ‘டிரிப்ளிகேன்’ ஆயிற்று. 2020 சூனில் தமிழக அரசு 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் ஒலிப்புக்கேற்ப மாற்ற ஆணையிட்டு, எழுத்துக்கூட்டல் பற்றிய குறைகள் கிளம்பவே சில நாள்களிலேயே திரும்பப் பெற்றது. சொந்த அரசு உள்ள நாட்டிலேயே, ஒருமுறை தவறாய்ப் பதிந்த பெயரைத் திருத்துதல் இத்துணைக் கடினம் என்றால், நம் நிலை என்ன?

‘இது நிலநூல் ஆசிரியரின் வேலை, நமக்கு இலக்கியம் போதும்’ என்பார் சிலர். அவர்களைக் கேட்கிறேன்: பத்துப்பாட்டில் ஐந்து பாட்டு ஆற்றுப்படையாக இருப்பது எதற்காக? பரிசில் பெற்று மீண்டவன், பெறாதவனுக்கு வழி சொல்வதே ஆற்றுப்படை. சிறுபாணாற்றுப்படை எயிற்பட்டினம், வேலூர், ஆமூர், கிடங்கில் என்று ஊர் ஊராகப் பெயர் சொல்லிப் பாணனை அழைத்துச் செல்கிறது. மலைபடுகடாம் நன்னன் மலைக்குச் செல்லும் வழியின் இடர்களைக்கூட விடாமல் எச்சரிக்கிறது. வழியும் பெயரும் சொல்வது தமிழிலக்கியத்தின் ஒரு துறையாகவே இருந்தது. அத்துறையைத் தேர்வுக்கு மனப்பாடம் செய்யவைத்துவிட்டு, தன் ஊர்ப்பெயரைத் தமிழில் ஓரிடத்தும் பதியாதவர், ஆற்றுப்படையைக் கற்பித்தவர் ஆகமாட்டார்.

வேறு சிலர் ‘மென்பொருள்’ சரியா ‘மென்கலம்’ சரியா என்று வாதிடுவதிலேயே பொழுது கழிப்பர். கலைச்சொல் வேண்டியதே, ஆனால் கலத்துக்குப் பெயர் தேடிக்கொண்டே அதில் சோறு வடிக்காதிருப்பது அறிவுடைமையாகுமா? இன்னும் சிலர் பத்து காஜாவை ‘யானைக்கல்’ என்று மொழிபெயர்க்கக் கிளம்புவர். அதுவும் வேண்டா. மக்கள் வழங்கும் பெயரே பெயர். அறையில் அமர்ந்து புனைவது பெயரன்று.

‘ஆட்சிமொழிக்கு இது மாறாகாதோ?’ என்று அஞ்சுவோர்க்கு ஒன்று சொல்வேன். மலாய் நம் தேசிய மொழி. பலகையிலும் பதிவேட்டிலும் உள்ள பெயரை மாற்றுமாறு யாரும் கேட்கவில்லை. அரசமைப்பின் 152-ஆம் பிரிவு, அலுவல் அல்லாத பயன்பாட்டில் பிற மொழிகளை வழங்குவதற்கு எவரையும் தடுக்கவில்லை. தேசிய மொழிப் பெயரின் அருகே தமிழ்ப் பெயரையும் எழுதிவைப்பது உடன்பிறந்தார் இருவரை ஒரே திண்ணையில் அமர்த்துவது போன்றதே.

இதற்கு வழி திறந்தே இருக்கிறது. 2004-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘ஓப்பன் ஸ்திரீட் மேப்’ என்னும் திறந்த வரைபடத்தில் எவரும் கட்டணமின்றிப் பதிவுசெய்யலாம். ஒவ்வோர் இடத்துக்கும் பொதுப்பெயர் எழுத ஓரிடமும், மொழிவாரியாகப் பெயர் எழுதத் தனித்தனி இடமும், பழம்பெயருக்கு வேறோர் இடமும் உண்டு. நம் சாலைகளில் ஓடும் கிராப் வண்டிகளின் நிறுவனமும் இப்படத்தைப் பயன்படுத்துகிறது. 2010-இல் ஹைத்தி நாடு நிலநடுக்கத்தால் சிதைந்தபோது, பல நாட்டுத் தன்னார்வலர் வீட்டிலிருந்தபடியே அந்நகரத் தெருக்களை வரைந்து மீட்புப் பணிக்கு உதவினர். 2015 திசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் தேங்கிய சாலைகளை மக்களே இப்படத்தின்மேல் குறித்தனர். அவர்கள் செய்தது நம் இடைநிலைப்பள்ளி மாணவருக்கு இயலாததா?

இதில் ஒரு கண்டிப்பான விதியும் உண்டு. உரிமை பெற்ற பிறர் படத்தைப் பார்த்து எழுதக்கூடாது. நேரில் கண்டதையும், ஊரார் சொல்லக் கேட்டதையுமே எழுத வேண்டும். ‘பார்த்து எழுதாதே’ என்று நாள்தோறும் வகுப்பில் முழங்கும் நமக்கு இவ்விதி புதிதா? இன்று தரையில் அறவே இல்லாத தோட்டத்தை அப்படத்தில் எழுதலாகாது. அத்தகையவற்றுக்கென்றே ‘ஓப்பன் ஹிஸ்டாரிக்கல் மேப்’ என்னும் துணைப்படம் உள்ளது. ஓரிடம் எந்த ஆண்டு தோன்றி எந்த ஆண்டு மறைந்தது என்பதை அதில் குறிக்கலாம்.

‘இதனால் என்ன பயன்?’ என்று கேட்போர், அடையாளப் பத்திரத்துக்காக அலையும் ஏழைக் குடும்பத்தின் முதியவரை நினைத்துப் பார்க்கட்டும். அவர் பிறந்த இடம் ஒரு தோட்டம். அத்தோட்டம் இன்றில்லை, எந்த மாவட்டத்தில் இருந்தது என்று பேரப்பிள்ளைக்குத் தெரியாது, கேட்கும் இளம் அதிகாரிக்கும் தெரியாது. நிலம் கைமாறியபின் கோயிலுக்கும் இடுகாட்டுக்கும் எழும் வழக்குகளையும் நினைக்கட்டும். மக்கள் வரையும் படம் நீதிமன்றத்தில் முடிந்த சான்று ஆகாதுதான். எனினும், எங்கே தேடத் தொடங்குவது என்னும் திசையை அது காட்டும். திசையே தெரியாதவன் எந்த ஆவணத்தைத் தேடுவான்?

ஆகவே ஒவ்வொரு தமிழ்ப்பள்ளியும் இவ்வாண்டே தொடங்கட்டும். ஆறாம் ஆண்டு மாணவர் தம் பாட்டன் பாட்டியிடம் தோட்டத்தின் பெயர், அதற்குத் தொழிலாளர் வழங்கிய பெயர், கோயில், ஆறு, பாலம், இடுகாடு ஆகியவற்றைக் கேட்டு எழுதிவரட்டும். ஆசிரியர் வல்லின மெல்லினம் பார்த்து எழுத்தைச் சீர்செய்யட்டும். கணினி அறிந்த முன்னாள் மாணவர் அவற்றைப் படத்தில் ஏற்றட்டும். ஒரு வகுப்பில் 15 மாணவர் ஆளுக்கு 4 பெயர் கொணர்ந்தால் 60 பெயர். விடுதலையின்போது 800-க்கும் மேலிருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று 500-க்குச் சற்று மேல். அப்பள்ளிகள் அனைத்தும் முயன்றால் 30,000 பெயர். எந்த மாநாட்டு மேடையிலும் எந்த இயந்திரமும் தரமுடியாத 30,000 பெயர்!

காலம் நமக்காகக் காத்திராது. பிரட்டுக்களத்தில் நின்றவர்கள் எண்பது வயதைக் கடந்துவிட்டார்கள். ஒவ்வொருவர் மறையும்போதும் சில ஊர்ப்பெயர்களும் உடன் மறைகின்றன. இயந்திரம் நாளையும் கூரைகளைக் கண்டுகொண்டே இருக்கும். பெயரைச் சொல்லும் வாய் நாளை இராது. ஆசிரியப் பெருமக்களே, முதியோர் இருக்கும்போதே கேளுங்கள். கேட்டதை இன்றே எழுதுங்கள்.